பலகையில ரெண்டு எல்லு

வாடா பேராண்டி. மஞ்சக்குப்பத்துல ரூம் புடிச்சிட்டியாம், பலகை எழுத ஆளுகூடச் சொல்லிட்டியாம். ஒங்கம்மா காலையிலேருந்து தெருவுல ஒருத்தரையும் விட்டுவைக்கல. 'எம்புள்ள எல்.எல்.பி.'ன்னு சொல்லிச் சொல்லித் தொண்டையே கட்டிக்கிச்சி. நல்ல சேதிதான். ஆனா இந்தக் கெழவன் கேக்கற ஒரு கேள்விக்குப் பதிலச் சொல்லிட்டு அப்பறம் பெயிண்டு வாங்கப் போ. இங்கிலீசுல சட்டத்துக்கு 'லா'. அதுக்கு ஒரு எல்லு போதும். ஒம் பேருக்குப் பின்னால எதுக்குடா ரெண்டு எல்லு?

முழிக்காத. முழிக்கிறதுக்குக் கூண்டுல சாட்சிக்காரன் இருக்கான், வக்கீல் முழிக்கக் கூடாது. எனக்கு எப்பிடித் தெரியும்னு பாக்கறியா? நான் கடலூர்க் கோர்ட்டுல வக்கீல் குமாஸ்தாவா கெடந்தவன்டா. எங்க வக்கீலய்யாவுக்கு கேசு இல்லாத நாளு வந்தா வாய் சும்மா இருக்காது. அவர் பேசுவாரு, நான் நம்பர் போட்டுக் கட்டு கட்டிக்கிட்டே கேப்பன். ஒங்க காலேசுல பணம் கட்டிக் கேட்டிருப்ப, நான் சம்பளம் வாங்கிக்கிட்டே கேட்டன். அம்புட்டுதான் வித்தியாசம்.

அந்த எழுத்து இங்கிலீசே இல்ல. லத்தீன். 'லேகும் பாக்கலோரியஸ்'னு விரியும். 'லெக்ஸ்'னா சட்டம். 'லேகும்'னா சட்டங்களின். ஒன்னுக்கு மேல போனா லத்தீன்காரன் சுருக்கெழுத்துல மொத எழுத்தையே ரெண்டு தடவ போட்டுருவான். நாம்ப 'தெருத்தெருவா அலஞ்சான்', 'கட்டுக்கட்டா நோட்டு'ன்னு சொல்றமே, அதே புத்திதான். அவன் எழுத்த இரட்டிச்சான், நாம்ப சொல்லயே இரட்டிச்சோம். இங்கிலீசுப் புத்தகத்துல பல பக்கம்னு காட்ட 'பி.பி.'ன்னு போடறாம் பாரு, அதுவும் இந்தச் சாதிதான்.

ரோமாபுரிக் காசுலயும் இதே கூத்து உண்டு. ராசா ஒருத்தன்னா 'அகஸ்டஸ்'ங்கற பட்டத்த ஏ, வி, ஜி-ன்னு மூணெழுத்துல அடிப்பான். ஒரே நேரத்துல ரெண்டு ராசா ஆண்டா கடைசி ஜி ரெண்டாவும், மூணு பேரு ஆண்டா ஜி மூணாவும். நீங்க செல்போன்ல த்ரீ ஜிய நேத்துப் பாத்தீங்க, அவன் அப்பவே பாத்துட்டான்.

ஏண்டா, ரோமாபுரி என்னா நமக்கு அந்நியமா? கடலூர்லேருந்து பாண்டிச்சேரி போற வழியில அரியாங்குப்பம் ஆத்தங்கரையில அரிக்கமேடு இருக்கே. 1945ல வீலர்னு வெள்ளக்காரர் வந்து தோண்டுனாரு. ரோமாபுரிக்காரன் திராட்ச ரசம் கொண்டாந்த ஜாடி ஓடெல்லாம் கெடச்சிது. அந்தப் பாஷை நம்ம கரைக்கு வந்தப்ப தொட்டுக்கிட்டு வந்தது ஜாடி. ஒங்கிட்ட வந்தப்ப தொட்டுக்கிட்டு வந்தது ஃபீஸு ரசீது.

அதனால பலகை எழுதறவன்கிட்ட மொதல்ல ஒன்னு சொல்லிடு. இங்கிலீசுல எழுதும்போது ரெண்டு எல்லுக்கும் நடுவுல புள்ளி வெக்காத. ரெண்டும் சேந்தாதான் 'சட்டங்கள்'. நடுவுல புள்ளி வெச்சா வெவ்வேற ரெண்டு சொல்லுன்னு ஆயிப்போவும். ஜீவனாம்சக் கேசுக்குப் போறவன் மொதல்ல சொந்தப் பலகையில ஒன்னா இருக்கறத ஏண்டா பிரிக்கற?

ரெண்டு எல்லுக்கு இன்னொரு கதையும் சொல்லுவாங்க. சீமையில அந்தக் காலத்துப் பல்கலைக்கழகத்துல ரெண்டு சட்டம் நடத்துனாங்க. ஒன்னு ரோமாபுரிச் சட்டம், இன்னொன்னு சர்ச்சுச் சட்டம். ரெண்டும் படிச்சவன், அதனால ரெண்டு எல்லுன்னு. எட்டாம் ஹென்றி ராசா 1535ல சர்ச்சுச் சட்டத்த நடத்தக் கூடாதுன்னு நிறுத்திப்புட்டான். கலியாணத்த ரத்து பண்ற விசயத்துல அவனுக்கும் போப்புக்கும் ஆகாது, அது பெரிய குடும்பக் கேசு. ரெட்டச் சட்டம் படிச்சது நெசம்தான். ஆனா எழுத்து ரெண்டானதுக்குக் காரணம் இலக்கணம். கத நல்லாருக்குங்கறதுக்காக தீர்ப்பு எழுத முடியுமா?

ஒரு சட்டம் போதாது, பல சட்டம் வேணுங்கறதுக்கு நம்ம ஊருலயே சாட்சி இருக்கு. சிதம்பரம் நடராசர் கோயில் தாவாவ எடுத்துக்க. 1890ல மெட்ராசு ஐகோர்ட்டுல முத்துசாமி அய்யரும் வெள்ளக்கார ஜட்ஜு ஒருத்தரும் ஒக்காந்து, இது பொதுக்கோயில், தீட்சிதருங்களோட தனிச் சொத்து இல்லன்னு எழுதுனாங்க. 1951ல அதே ஐகோர்ட்டு, தீட்சிதருங்க ஒரு தனிச் சமயப் பிரிவு, அவுங்களுக்கு உரிமை உண்டுன்னு எழுதுச்சி. 2009ல நிர்வாக அதிகாரியப் போட்டது சரின்னு ஐகோர்ட்டு சொன்னிச்சி. 2014 ஜனவரி 6ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு அது சரியில்லன்னு தீட்சிதருங்க பக்கம் தீர்ப்பு குடுத்திச்சி. அறநிலையச் சட்டம் ஒரு பக்கம், அரசியல் சாசனத்துல 26வது பிரிவு ஒரு பக்கம், அறுபது வருசத்துக்கு முந்தின தீர்ப்பு ஒரு பக்கம். இதுல ஒத்த எல்ல வெச்சிக்கிட்டு என்னா பண்ணுவ? நம்ம சனங்க வரப்புத் தாவா இருவது வருசமா நடக்குதுன்னு ஒங்கிட்ட வந்து அழுதா, ஆறுதலுக்கு இந்தக் கதையச் சொல்லு. ஃபீஸ வாங்கிட்டுச் சொல்லு. மொதல்லயே சொன்னா எந்திரிச்சிப் போயிடுவாங்க.

சரி, எல்லு முடிஞ்சிது. அந்த 'பி' என்னா? 'பாக்கலாரியஸ்'னு பழய லத்தீன்ல ஒரு சொல்லு. பெரிய நெலக்காரனுக்குக் கீழ துண்டு நெலத்த வெச்சிக்கிட்டுப் பொழைக்கிற ஆளு. நம்ம பாஷையில குத்தகைக்காரன். அப்பறம் சண்டக்காரனுக்கு எடுபிடியா இருக்கற சின்னப் பையனையும் அப்பிடிச் சொன்னாங்க. பிற்பாடு படிச்சவனுங்க, 'நம்மளப் போயி குத்தகைக்காரன்னு சொல்றதா'ன்னு ரோசப்பட்டு, சொல்ல லேசா வளச்சி 'பாக்கலோரியஸ்'னு ஆக்கி, வாகைமாலை மாதிரி லாரல் மாலை, அதோட காயின்னு ஒரு அர்த்தத்த ஒட்டவெச்சிக்கிட்டாங்க. பட்டா மாறுதலுக்கு மனு போடாமலே பேர மாத்திக்கிட்டானுங்க பாத்தியா? மொத மோசடி அங்கேயே ஆரம்பம்.

ஆக, ஒம் பலகைக்கு நேரான தமிழு 'பல சட்டங்களின் குத்தகைக்காரன்'. சொந்தக்காரன் இல்ல. மகசூல்ல பங்கு உண்டு, மண்ணு ஒன்னுது இல்ல. இத மனசுல வெச்சிக்கிட்டா ஜட்ஜு முன்னால குரலு தானா எறங்கும். கலியாணம் ஆகாதவன இங்கிலீசுல 'பேச்சுலர்'ங்கறதும் இதே சொல்லுதான். ஒங்கம்மா பொண்ணு பாத்துக்கிட்டிருக்கா. கலியாணத்துக்கு அப்பறமும் பலகையில அந்த 'பி' இருக்கும். மாமனாரு கேட்டா வெளக்கம் சொல்லத் தெரிஞ்சி வெச்சிக்க.

இதுக்கு மேல எல்.எல்.எம். படிக்கணும்ங்கற. 'லேகும் மேகிஸ்டர்'. அது யாரு தெரியுமா? பயப்படாத, ஒனக்குப் பழக்கமான ஆளுதான். லத்தீன் மேகிஸ்டர் போர்ச்சுகீசுல 'மெஸ்த்ரே' ஆனான். போர்ச்சுகீசுக்காரன் கப்பல்ல ஏறி நம்ம கரைக்கு வந்து 'மேஸ்திரி' ஆனான். நம்ம வீட்டுக்கு செவுரு எழுப்புனாரே, அவரும் எல்.எல்.எம்.மும் பங்காளிங்க! அவரு செங்கல்லு மேஸ்திரி, அவன் சட்ட மேஸ்திரி. ஒன்னு மட்டும் சொல்றன், செங்கல்லு மேஸ்திரி கோணலாக் கட்டுனா தெருவுல போறவனுக்குத் தெரிஞ்சிடும்.

போர்ச்சுகீசுக்காரன் எங்க எறங்குனான்னு தேட வேணாம். சிதம்பரத்துக்குக் கெழக்க பரங்கிப்பேட்டை இருக்கு, அதுக்குப் 'போர்ட்டோ நோவோ', புதுத் தொறமொகம்னு பேரு வெச்சது அவன். அவன் விட்டுட்டுப் போன சாமானெல்லாம் ஒன் ஆபீசுல இருக்கு. மேசை அவன் சொல்லு, அலமாரி அவன் சொல்லு, சாவி அவன் சொல்லு, ஜன்னலும் அவன் சொல்லு. நாலுக்கும் பாட்டி லத்தீன். கதவத் தொறக்கறதுக்கு முன்னாலயே நீ லத்தீன் பேசிட்ட. அத நெத்தியில ஒட்டிக்கிட்டு மெரட்டாத.

எல்.எல்.டி.ன்னா 'லேகும் டாக்டர்'. லத்தீன்ல டாக்டர்னா ஊசி போடறவன் இல்ல, கத்துக்குடுக்கறவன். கொலம்பியா பல்கலைக்கழகம் 1952ல அம்பேத்கருக்கு மரியாதைக்குன்னு இந்தப் பட்டத்தக் குடுத்திச்சி. குடுத்தவங்களுக்குத்தான் மரியாதை. அவரு அதுக்கு முன்னாலயே அரசியல் சாசனத்த எழுதிக் குடுத்துட்டாரு. அமெரிக்காவுல இன்னொரு வேடிக்க. அங்கயும் எல்.எல்.பி.ன்னுதான் குடுத்துக்கிட்டிருந்தான். 1960கள்ல கல்லூரிக்குக் கல்லூரி பேர மாத்தி 'ஜூரிஸ் டாக்டர்', ஜே.டி.ன்னு ஆக்கிப்புட்டான். யேல் பல்கலைக்கழகம் 1971ல மாத்திச்சி. படிப்பு அதே மூணு வருசம்தான். குத்தகைக்காரன் ராத்திரி தூங்கி எழுந்தா வாத்தியாரு.

நம்ம ஊரு விசயத்துக்கு வா. எங்க காலத்துல பலகையில எல்.எல்.பி.ய அவ்வளவா பாக்க முடியாது. பி.ஏ., பி.எல்.தான். 1857ல வந்த மெட்ராசு பல்கலைக்கழகம் லத்தீன இங்கிலீசாக்கி 'பேச்சுலர் ஆஃப் லாஸ்', பி.எல்.னு திருப்பிப் போட்டுச்சி. எல்லும் ஒன்னாப் போச்சி, இடமும் மாறிப்போச்சி. ரெண்டும் ஒரே படிப்புதான். வடக்கத்தியான் எல்.எல்.பி.யக் கொண்டாந்து காட்டுனா, நம்ம பி.எல்.காரரு, 'ஒனக்கு ஒரு எல்லு கூடவாடா'ன்னு மொறைப்பாரு. இப்ப நம்ம அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகமும் எல்.எல்.பி.க்கு வந்திடுச்சி, சண்ட தீந்திச்சி. சிதம்பரத்துல 1929ல ஆரம்பிச்ச அண்ணாமலைப் பல்கலைக்கழகம் அஞ்சல் வழியில பி.ஜி.எல்.னு ஒன்னு குடுத்திச்சி. பொதுச் சட்டம். ஆபீசுல வேல பாத்தவங்க தபால்ல படிச்சாங்க. பட்டத்த மாட்டலாம், கவுன மாட்ட முடியாது.

பட்டம் இல்லாமலே கோர்ட்ட ஆண்டவங்க இருந்தாங்கடா. கொள்ளிடத்துக்கு அந்தாண்ட மாயூரத்துல முன்சீப்பா இருந்தாரு வேதநாயகம் பிள்ள. பேருக்குப் பின்னால ஒரு எல்லுகூடக் கெடையாது. இங்கிலீசுல கெடந்த கோர்ட்டுத் தீர்ப்புங்களத் தமிழாக்கி 1862லயே 'சித்தாந்த சங்கிரகம்'னு புத்தகம் போட்டாரு. 1879ல 'பிரதாப முதலியார் சரித்திர'மும் வெளியிட்டாரு. வ.உ.சி. மட்டும் என்னா? பேருலயே சிதம்பரத்த வெச்சிருந்தவரு. ப்ளீடர் பரீச்ச எழுதி ஓட்டப்பிடாரத்துல வாதாடுனவரு. 1908ல வெள்ளக்காரன் தண்டன குடுத்தான், வக்கீல் தொழில் பண்ற சன்னதும் போச்சி. செயில்ல செக்கிழுத்துட்டு வந்து வறுமையில கெடந்தவருக்கு, வாலஸ்னு ஒரு வெள்ளக்கார நீதிபதிதான் அந்தச் சன்னத மறுபடி வாங்கிக் குடுத்தாரு. அந்த நன்றிக்குப் புள்ளைக்கு 'வாலேசுவரன்'னு பேரு வெச்சாரு. இங்கிலீசுப் பேர எடுத்து ஈசுவரனாக்கி நிப்பாட்டுன அந்தத் தமிழுக்கு எந்தக் கல்லூரி எல்.எல்.டி. குடுக்கும்?

பாரிஸ்டருங்க தனி ரகம். அது பட்டமே இல்ல, லண்டன் சத்திரத்துல ஒக்காந்து சாப்புட்டதுக்கு அத்தாட்சி. நெசமாத்தான்டா! பரீச்சையும் உண்டு, ஆனா ஒவ்வொரு பருவத்துலயும் இத்தினி விருந்து சாப்புட்டாவணும்னு அப்ப விதி. காந்தியும் இன்னர் டெம்பிள்ல அப்பிடித்தான் ஒக்காந்தாரு. நாலு பேருக்கு ரெண்டு பாட்டில் ஒயின் வெப்பான். இவரு குடிக்க மாட்டாரு. அதனால 'எங்க பந்திக்கு வா, எங்க பந்திக்கு வா'ன்னு அவருக்கு ஏகப்பட்ட கிராக்கியாம், அவரே எழுதி வெச்சிருக்காரு. 1891ல பாரிஸ்டர் ஆனாரு. 1922ல அந்தச் சத்திரமே அவரு பேர அடிச்சிது. 1988ல திரும்பச் சேத்துக்கிட்டாங்க, அவரு செத்து நாப்பது வருசம் கழிச்சி. மேல்முறையீட்டுல அவசரம் கூடாதுன்னு சும்மாவா சொன்னாங்க.

பாரிஸ்டர், ஐகோர்ட் வக்கீல், ஃபர்ஸ்ட் கிரேடு ப்ளீடர், செகண்ட் கிரேடு ப்ளீடர்னு ரயிலு வண்டி மாதிரி வகுப்பு வகுப்பா இருந்தத, 1961ல வந்த வக்கீல் சட்டம் ஒரே பொட்டியில ஏத்திடுச்சி. எல்லாரும் 'அட்வகேட்'. அதுவும் லத்தீன்தான். 'அட்வொக்காட்டஸ்'னா ஒத்தாசைக்குக் கூப்புடப்பட்டவன். கூப்பிட்டா வரணும்டா. கூப்பிட்டா போன எடுக்காதவனுக்கு லத்தீன்ல வேற பேரு தேடணும்.

பலகை சமாச்சாரத்துக்கு பார் கவுன்சில் விதியே இருக்கு, படிச்சியா? அளவு ஒரு நெதானத்துல இருக்கணும். எந்தச் சங்கத்துக்கும் தலைவருன்னு போடக் கூடாது. இன்ன வகைக் கேசுல கெட்டிக்காரன்னு போடக் கூடாது. முன்னாடி ஜட்ஜா இருந்தன்னுகூடப் போடக் கூடாது. நீ கேட்டது பத்தடி ஃப்ளெக்ஸாம், பின்னால ஒளிவட்டமாம்! சிதம்பரத்துல தேரு ஓடறப்பக் கட்டற துணி அளவுக்குக் கேட்டிருக்க. இன்னொன்னு, பட்டம் வாங்குனாலே வக்கீல் இல்ல. பார் கவுன்சில்ல பேரு பதியணும், அதுக்குச் சட்டத்துல இருக்கற 750 ரூவாய்க்கு மேல பொதுப்பிரிவுல வாங்கக் கூடாதுன்னு சுப்ரீம் கோர்ட்டு 2024ல சொல்லிச்சி. அப்பறம் அகில இந்திய பார் பரீச்ச. அத எழுதிப் பாசாகு, பெயிண்டு காயட்டும்.

இப்ப முக்கியமான சங்கதி. பலகையில லத்தீன், ஆனா கடைக்குள்ள விக்கற சரக்கு பூரா அரபி. வக்கீல் அரபி, வக்காலத்து அரபி, முன்சீப்பு, அமீனா, தாவா, ஜாமீனு எல்லாம் நவாபு காலத்துச் சரக்கு. வாய்தாவுக்கு மூலத்துல என்னா அர்த்தம்னு எங்க வக்கீலய்யா சொன்னப்ப நான் பேனாவக் கீழ போட்டுட்டுச் சிரிச்சன். 'வாக்குக் குடுக்கறது'ன்னு அர்த்தமாம்! இந்த லத்தீனுக்கும் அரபிக்கும் நடுவுல பார்ட்டி ஒக்காந்திருக்கான், அவனுக்குத் தெரிஞ்சது தமிழு ஒன்னுதான்.

'எக்ஸ்பார்ட்டி ஆயிட்ட'ன்னு சொல்லிப் பாரு. 'அய்யய்யோ, நான் ஒங்க பழய பார்ட்டிதானே, கட்சி மாறலியே'ம்பான். லத்தீன்ல அது 'ஒரு பக்கத்துலேருந்து'. 'நீ வராததால எதிராளி பேச்ச மட்டும் கேட்டு முடிச்சிட்டாங்க'ன்னு சொன்னா ஒரே நொடியில புரியும். அஃபிடவிட்டுன்னா 'சத்தியம் பண்ணிட்டான்'. அலிபின்னா 'வேற எடத்துல'. 'நான் அன்னிக்கு நெய்வேலியில இருந்தங்க'ன்னு குடியானவன் சொல்றதுதான் அலிபி. அவன் அத ஒங்க லத்தீனுக்குக் காத்திருக்காமத்தான் சொல்றான். கீழ்க்கோர்ட்டுல தமிழ்லயே நடத்தலாம், தமிழ்லயே தீர்ப்பு எழுதலாம்னு 1976லயே சட்டத்த மாத்தியாச்சி. இன்னமும் ஒரு வக்கீலு இங்கிலீசுல மனு எழுதிட்டுப் பார்ட்டிக்குத் தமிழ்ல அர்த்தம் சொன்னா, அந்த அர்த்தத்துக்கும் தனியா ஃபீஸ் வெச்சிருக்காருன்னு அர்த்தம்.

இப்ப சட்டத்துக்கு வேற புதுப் பேரு. 2024 ஜூலைலேருந்து ஐ.பி.சி. போயி பாரதிய நியாய சன்ஹிதா. இதுல ஊருக்கு வந்த நட்டம் என்னான்னா, நானூத்தி இருவது போயி முந்நூத்திப் பதினெட்டு ஆயிடுச்சி. 'டேய் முந்நூத்திப் பதினெட்டு'ன்னு திட்டுனா எவனுக்குக் கோவம் வரும்?

எழுத்த மதிக்காதன்னு சொல்லல. ஆனா மரியாத எழுத்தால மட்டும் வர்றதில்ல. 1869ல சிதம்பரத்துல நடந்த பேச்சுக்காக ஆறுமுக நாவலரு, வடலூரு வள்ளலாரு மேல இதே மஞ்சக்குப்பம் கோர்ட்டுல வழக்கு போட்டாரு. வள்ளலாரு உள்ள நொழஞ்சதும் கோர்ட்டே எந்திரிச்சி நின்னிச்சாம், வழக்கு போட்ட நாவலரும் எந்திரிச்சாராம். நம்ம பக்கத்துல வழிவழியாச் சொல்ற பேச்சு இது. அந்த வெள்ள வேட்டிக்காரரு பேருக்குப் பின்னால ஒத்த எழுத்தும் கெடையாது. ஒனக்காக எந்திரிக்க வேணாம், நீ பேசறப்ப தூங்காம இருந்தா போதும்.

கடைசியா ஒன்னு. ஒங்கிட்ட வர்றவன் எல்.எல்.பி.க்கு விரிவு கேக்க மாட்டான். மூணே மூணு கேப்பான். எம்மாம் செலவாவும், எம்மாம் நாளாவும், ஜெயிக்குமா. மொத ரெண்டுக்கும் பொய் சொல்லாமப் பதில் சொல்லு. மூணாவதுக்கு 'பாக்கலாங்க'ன்னு மட்டும் சொல்லு. 'கண்டிப்பா ஜெயிக்கும்'னு அடிச்சிச் சொன்ன வக்கீலுங்கள எனக்கும் தெரியும். அவுங்க பார்ட்டிங்களுக்குத்தான் மெட்ராசுக்கு நாங்க அப்பீல் கட்டு கட்டி அனுப்பனோம்.